தளம் பொங்கிய வீடு

விஸ்வநத்தத்தில் வீடு கட்ட நினைக்கிறவர்கள் முதலில் நல்ல கொத்தனாரைத் தேடுவார்கள். வெள்ளைத்துரை நல்ல புத்தகத்தைத் தேடினார். தெருவே சிரித்தது. அவர் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. பட்டாசுக் கம்பெனியில் இருபத்திரண்டு வருஷமாக மருந்து நிறுக்கிற வேலை அவருக்கு. அலுமினியப் பவுடர், கந்தகம், வெடியுப்பு என்று ஒவ்வொன்றையும் தராசில் வைத்து, முள் நடுவில் வந்து நின்ற பிறகுதான் கையை எடுப்பார். யாராவது ‘குத்துமதிப்பா’ என்று சொன்னால் அவருக்குச் சுர்ரென்று ஏறும். கொத்தனார்களோ வாயைத் திறந்தாலே குத்துமதிப்புதான்.

அவருடைய பயத்துக்கும் காரணம் இருந்தது. வாடகைக்கு இருந்த வீட்டில் போன ஐப்பசி மழைக்கு மேலே இருந்து ஒரு காரைத் துண்டு பெயர்ந்து, சோறு வடித்துக்கொண்டிருந்த அவர் மனைவி சோலையம்மாளுக்கு ஒரு முழம் தள்ளி விழுந்தது. அன்றைக்கே சொந்த வீடு என்று முடிவாகிவிட்டது. சாத்தூர்ப் பக்கம் கட்டிக்கொடுத்த மகள் இசைவாணி அப்போது இரண்டு மாதம் முழுகாமல் இருந்தாள். தலைப்பிரசவத்துக்குத் தாய் வீட்டுக்குத்தான் வரவேண்டும். பிள்ளை வரும்போது நல்ல கூரைக்கு அடியில் வரட்டும் என்றார் வெள்ளைத்துரை.

புத்தகம் தேடி அவர் பட்ட பாடு கொஞ்சமில்லை. செல்போனில் வீடியோ பார்த்தார். ஒருவர் ஆற்று மணல்தான் என்றார், இன்னொருவர் எம்-சாண்ட்தான் என்றார், மூன்றாமவர் பேசி முடித்துவிட்டு ஏதோ ஒரு பசையை விற்றார். சூலக்கரையில் கலெக்டர் ஆபீசுக்கு எதிரே போட்டிருந்த கண்காட்சியில் இலவசமாக ஒரு சின்னப் புத்தகம் கொடுத்தார்கள். எட்டுப் பக்கத்தில் ஐந்து பக்கம் போட்டோ. சிமெண்டுக் கம்பெனிகள் அடித்துவிடும் வழவழப்பான கையேடுகளையும் வாங்கிப் பார்த்தார். தங்கள் சிமெண்டைத் தவிர உலகத்தில் வேறு சிமெண்டே இல்லை என்று அவை சொல்லின. அவையெல்லாம் பக்கத்தில் சிவகாசியில் அடித்தவைதான். காசு கொடுத்தால் எதை வேண்டுமானாலும் கலரில் அடித்துக் கொடுப்பார்கள் என்று அவருக்கா தெரியாது? வாஸ்து நூல்கள் அடுப்பை எந்த மூலையில் வைக்கவேண்டும் என்று அடித்துச் சொல்லின. தளத்துக்குக் கம்பி எத்தனை அங்குலத்துக்கு ஒன்று என்று கேட்டால் அவற்றுக்குப் பேச்சே வரவில்லை.

கடைசியில் விருதுநகரில்தான் கிடைத்தது. யாகூப் பாயின் சிமெண்டு, கம்பிக் கடை. அவர் மகள் ஹாதியா கட்டடப் பொறியியல் படித்துவிட்டு, கடை மாடியில் கம்ப்யூட்டர் போட்டுப் பிளான் வரைந்து கொடுக்கிறாள். வெள்ளைத்துரை ஒரு நோட்டு நிறையக் கேள்வி எழுதிக்கொண்டு போய் நின்றதைப் பார்த்ததும் அவளுக்குப் பிடித்துவிட்டது. பாலிடெக்னிக் பிள்ளைகளுக்கான பழைய தமிழ்ப் பாடப் புத்தகம் ஒன்றை அலமாரியிலிருந்து எடுத்துத் தூசி தட்டிக் கொடுத்தாள்.

“வீடியோவை எல்லாம் விட்ருங்க மாமா. இதைப் படிங்க. புரியாட்டி எனக்குப் போன் போடுங்க.”

வெள்ளைத்துரை போன் போடவே இல்லை. எல்லாம் புரிந்துவிட்டது என்றுதான் நினைத்தார். புத்தகத்துக்கு அட்டை போட்டு, முக்கியமான வரிகளுக்குச் சிவப்பு மையில் கோடு போட்டு, கம்பெனிக்குப் போகிற நேரம் தவிர மற்ற நேரமெல்லாம் அக்குளில் வைத்துக்கொண்டு திரிந்தார்.

கொத்தனார் முத்துக்கருப்பனுக்குத்தான் கஷ்டகாலம். அதே தெருக்காரன். சுற்றியுள்ள கம்பெனிகளுக்கு ஷெட் கட்டிக் கட்டியே தொழில் பழகியவன். மணல் வந்து இறங்கினால் வெள்ளைத்துரை அதைக் கண்ணாடிப் பாட்டிலில் போட்டு, தண்ணீர் ஊற்றிக் குலுக்கி, எத்தனை விரல் மண் படிகிறது என்று பார்ப்பார். பாய் கடையிலிருந்து வந்த சிமெண்டு மூட்டையில் தேதி பார்ப்பார். கம்பி பலகையோடு ஒட்டாமல் நடுவே சின்னச் சிமெண்டுக் கட்டை வைத்தாயிற்றா என்று குனிந்து எண்ணுவார். முத்துக்கருப்பன் எதையாவது சொல்ல வந்தால், “இரு, புக்குல என்ன போட்டுருக்குன்னு பாப்போம்” என்று பக்கம் புரட்டுவார்.

“அண்ணே, நான் முப்பது வருசமாக் கட்டுறேன். இந்தப் புக்கை எளுதுனவரு ஒரு சட்டி கலவை தூக்கியிருப்பாராண்ணே?”

“அவரு தூக்க வேண்டியதில்ல. நீ தூக்கு. அவரு சொன்ன அளவுல தூக்கு.”

சித்தாள்கள் சிரிப்பார்கள். முத்துக்கருப்பனும் சிரிப்பான். நாலைந்து தடவைக்குப் பிறகு அவன் எதையும் சொல்ல வருவதை நிறுத்திக்கொண்டான். வெள்ளைத்துரைக்கு அது வெற்றியாகத் தெரிந்தது.

சித்திரையில் தளம் போட்டார்கள். அந்தக் காட்டு வெயிலில் தண்ணீர்தான் பெரிய பாடு. போர் தண்ணீர் உப்பு, அது கம்பியை அரிக்கும் என்று புத்தகம் சொன்னது. அதனால் லாரித் தண்ணீர் சொல்லி, பிடித்து வைக்க நாலு பெரிய டிரம்களை வெள்ளைத்துரையே கம்பெனியிலிருந்து கொண்டு வந்தார். அலுமினியப் பவுடர் வந்து இறங்கிய டிரம்கள். காலியானதும் வேலையாட்கள் எடுத்துப்போவது வழக்கம்தான். அந்தத் தெருவில் துணி அலச, ஆட்டுக்குத் தண்ணி வைக்க என்று வீட்டுக்கு ஒன்று நிற்கும். வெள்ளைத்துரை நாலையும் தன் கையாலேயே கழுவினார். தண்ணீர் பிடித்தபோது மேலே வெள்ளி மாதிரி ஒரு மினுமினுப்பு மிதந்தது. அதை அவர் பார்த்தார். ஆனால் அந்த மினுமினுப்பு அவர் காதோரத்தில் இருக்கும், தூக்குவாளி மூடியில் இருக்கும், வீட்டுக் கண்ணாடியில் இருக்கும். அதை அழுக்கு என்று நினைக்கிற கண் அவருக்கு எப்போதோ போய்விட்டது. மணலைக் குலுக்கிப் பார்த்த மனுஷன் தண்ணீரைக் குலுக்கிப் பார்க்கவில்லை.

முன்பக்கத்திலிருந்து போட்டுக்கொண்டே வந்தார்கள். டிரம்களில் தண்ணீர் இறங்க இறங்க, மிதந்ததெல்லாம் அடிக்கு வந்துவிட்டது. கடைசியாகப் போட்டது பின்பக்கத்துப் படுக்கையறை. இசைவாணிக்கும் பிள்ளைக்கும் என்று ஒதுக்கிய அறை.

பொழுது சாய்வதற்குள் அந்த அறைக்கு மேலே தளம் பொங்கியது. மட்டப்பலகை போட்டுத் தேய்த்துவிட்டு வந்த இடம், அரை மணி கழித்துப் பார்த்தால் மாவு புளித்த மாதிரி ஒரு விரல் உயரம் எழும்பிக் கொப்புளம் கொப்புளமாக நின்றது. வெள்ளைத்துரை புத்தகத்தைப் புரட்டு புரட்டென்று புரட்டினார். ஒன்றும் பிடிபடவில்லை.

“சிமெண்டுதான்ணே சரியில்ல” என்றான் முத்துக்கருப்பன், அவர் முகத்தைப் பார்க்காமல்.

இருபது நாள் கழித்துத் தளத்தைத் தாங்கியிருந்த பலகையைப் பிரித்தார்கள். முன்அறையும் அடுப்படியும் கல் மாதிரி இருந்தன. படுக்கையறை மட்டும் அடியெல்லாம் பொடிப்பொடி ஓட்டை. வெள்ளைத்துரை ஆணி ஒன்றை வைத்துத் தட்டினார், சோப்பில் இறங்குவது போல இறங்கியது. பெயர்ந்த கட்டி ஒன்றைப் பேப்பரில் சுற்றிக்கொண்டு, புத்தகத்தையும் எடுத்துக்கொண்டு, அன்றைக்கே பஸ் ஏறினார்.

யாகூப் பாய் கடையில் ஏழெட்டுப் பேர் நின்றார்கள். வெள்ளைத்துரை யாரையும் பார்க்கவில்லை. கட்டியை மேஜைமேல் வைத்து, வாய்க்கு வந்தபடி பேசினார். கலப்படம் என்றார், என் மகளைக் கொல்லப் பார்த்தீரே என்றார். வாங்க வந்தவர்களில் இரண்டு பேர் மெதுவாக நழுவினார்கள். யாகூப் பாய் முகத்தில் ஈயாடவில்லை.

“அந்த லோடுல மிச்சம் இருக்கிற மூட்டையை எல்லாம் தனியா எடுத்து வைங்கப்பா. ஒண்ணும் விக்கக்கூடாது” என்று ஆட்களிடம் சொன்னார். பிறகு வெள்ளைத்துரையைப் பார்த்து, “உக்காருங்க துரை. என் சிமெண்டுதான் காரணம்னா நான் பொறுப்பு. மொதல்ல தண்ணியக் குடிங்க” என்றார்.

சத்தம் கேட்டு ஹாதியா இறங்கி வந்தாள். கட்டியை உடைத்து வெளிச்சத்தில் பார்த்தாள். மாடிக்கு அவரைக் கூட்டிப்போனாள்.

“மாமா, முன் ரூமு நல்லா இருக்குன்னீக. அதுவும் இதே சிமெண்டுதான?”

“ஆமா.”

“தண்ணி எதுல புடிச்சு வச்சீக?”

“டிரம்முல. கம்பெனி டிரம்மு. நானே களுவுனேன்.”

“என்ன இருந்த டிரம்மு?”

அவர் சொன்னார். ஹாதியா அவர் கையிலிருந்த புத்தகத்தை வாங்கி, பின்பக்கத்து அத்தியாயம் ஒன்றைத் திறந்து அவர் முன்னால் வைத்தாள். எடை குறைந்த காங்கிரீட் பற்றிய அத்தியாயம். தடுப்புச் சுவருக்கான லேசான கற்கள் செய்வதற்காகச் சிமெண்டுக் கலவையில் வேண்டுமென்றே அலுமினியப் பவுடரைச் சேர்ப்பார்கள் என்றும், அது வாயுவைக் கிளப்பிக் கலவையைப் பொங்க வைக்கும் என்றும், சிறிதளவே போதும் என்றும், தளத்துக்கு ஆகவே ஆகாது என்றும் எழுதியிருந்தது. அந்தப் பக்கங்களில் சிவப்புக் கோடு இல்லை. நம் வீட்டுக்கு இது எதுக்கு என்று அவர் தாண்டிப்போன பக்கங்கள் அவை.

“அந்தத் தளத்தை உடைச்சுத்தான் போடணும் மாமா. வேற வளி இல்ல. அது வரைக்கும் அந்த ரூமுக்குள்ள யாரையும் படுக்க வைக்காதீக.”

வெள்ளைத்துரை தலையாட்டினார். கீழே இறங்கி வந்தபோது யாகூப் பாய் எழுந்து நின்று, “என்ன சொல்லுச்சு மக?” என்று கேட்டார். ஹாதியா, அவராகவே சொல்லட்டும் என்று நின்றாள். ‘தப்பு என்னுதுதான் பாய்’ என்ற மூன்று வார்த்தையைச் சொல்ல அவர் வாயெடுத்தார். எதிரே அந்தக் கூட்டம் இன்னும் நின்றது.

“பாத்துக்கிடலாம் பாய்” என்று சொல்லிவிட்டு வெளியே வந்துவிட்டார்.

சொல்லியிருக்கலாம். வீட்டுக்கு வந்தாவது சொல்லியிருக்கலாம். ஆனால் அங்கே சோலையம்மாள் பத்திரிகைகளுக்கு மஞ்சள் தடவிக்கொண்டிருந்தாள். வைகாசியில் பால் காய்ச்சு, மாசக் கடைசியில் வளைகாப்பு. சொந்த வீடு என்று ஒன்று வருவதற்கு அவள் இருபத்தைந்து வருஷம் பொறுத்திருக்கிறாள். தெருவில் அவர் ஒவ்வொரு கல்லுக்கும் புத்தகம் காட்டிப் பேசிய பேச்சு வேறு அவர் காதிலேயே ஒலித்தது. இத்தனை பேசிவிட்டு, கூரையைக் கெடுத்தது நான்தான் என்று எந்த வாயால் சொல்வது? முத்துக்கருப்பன் ஒரு வழி சொன்னான்.

“ரெண்டு தரம் பூசி, வெள்ளை அடிச்சுட்டா ஒண்ணும் தெரியாதுண்ணே. கம்பி நல்ல கம்பி, சட்டுன்னு ஒண்ணும் ஆகிறாது. மெதுவா அடுத்த வருசம் பாத்துக்கிடலாம்.”

மருந்தில் ஒரு கிராம் கூடினால் முழுதையும் திருப்பிக் கொட்டச் சொல்கிறவர், சரி என்றார்.

பூசினார்கள். அடித்த வெள்ளையில் அறை பளிச்சென்று ஆனது. பால் பொங்கியது, ஊர் வந்து சாப்பிட்டது. ‘விருதுநகர்ச் சிமெண்டு மோசம், எப்படியோ துரையண்ணன் சமாளிச்சுட்டாரு’ என்று பேச்சு கிளம்பி, தெருவில் வீடு கட்டிக்கொண்டிருந்த இரண்டு பேர் கடையை மாற்றினார்கள். வெள்ளைத்துரை அதையும் கேட்டுக்கொண்டு இருந்தார். ஒருநாள் ஹாதியா போன் செய்தாள்.

“அந்த ரூமு மாமா?”

“பூட்டித்தாம்மா வச்சிருக்கேன்.”

அறையை அவர் பூட்டவில்லை. சோறு இறங்கவில்லை அவருக்கு. நிறுவை அறையில் தராசு முள் ஆடுவதைப் பார்த்துக்கொண்டே நின்று, மேற்பார்வையாளரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டார். இன்றைக்குச் சொல்லிவிடுவோம் என்று எழுவார். யாராவது வீட்டைப் பார்க்க வந்து நிற்பார்கள், நாளைக்கு என்று தள்ளிப்போடுவார்.

வளைகாப்பு நாளும் வந்தது. சாத்தூர்ப் பக்கம் சம்மந்தி வீட்டில் விசேஷம். தலைவலி என்று சொல்லிவிட்டு அவர் போகவில்லை. சோலையம்மாளும் சொந்தக்காரர்களும் வேனில் போனார்கள். மூன்று மணிக்கு வேன் திரும்பி வந்து வாசலில் நின்றது. இரண்டு கையிலும் முழங்கை வரை வளையல் அடுக்கி, மாலையும் கழுத்துமாக இசைவாணி மெல்ல இறங்கினாள். மருமகளை விட்டுவிட்டுப் போகச் சம்மந்தியம்மாள் கருப்பம்மாளும் கூட வந்திருந்தாள். சத்தம் கேட்டு முத்துக்கருப்பன் உட்படத் தெருவே கூடியது. ஆரத்தித் தட்டோடு சோலையம்மாள் முன்னால் ஓடினாள்.

“வலது காலை எடுத்து வையி ஆத்தா. ஒன் ரூமைப் பாரு, அப்பா எப்படிக் கெட்டி வச்சிருக்காகன்னு.”

இசைவாணி ஒரு கையை இடுப்பில் வைத்துக்கொண்டு சிரித்தபடியே படியேறினாள். வெள்ளைத்துரை நடையில் நின்றுகொண்டிருந்தார். அவள் வயிற்றைப் பார்த்தார். அவர் கைகள் தாமாக நீண்டு வாசல் நிலையின் இரண்டு பக்கத்தையும் பிடித்துக்கொண்டன.

“உள்ள வராதம்மா.”

யாருக்கும் விளங்கவில்லை. இசைவாணி விளையாட்டு என்று நினைத்து இன்னும் ஒரு படி ஏறினாள்.

“வராதங்கேன்லா! எறங்கு!”

கருப்பம்மாளுக்கு முகம் சிவந்துவிட்டது. “என்ன சம்மந்தி இது? புள்ளத்தாச்சிப் புள்ளைய வாசல்ல வச்சு மறிக்கீக? இஷ்டமில்லேன்னா முன்னமே சொல்லிருக்கலாம்ல?”

வெள்ளைத்துரை சொன்னார். கையை நிலையிலிருந்து எடுக்காமலே சொன்னார். படுக்கையறைத் தளம் உளுத்தது என்றும், சிமெண்டில் ஒரு குற்றமும் இல்லை என்றும், யாகூப் பாயை ஊர் பழித்தபோது வாயை மூடிக்கொண்டிருந்தேன் என்றும், டிரம்களைக் கொண்டு வந்தது நான்தான், பவுடர் கலந்தது அதில்தான் என்றும் சொன்னார். கூட்டத்தில் ஒருவரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால்கூடப் பரவாயில்லை என்று அவருக்கு இருந்தது.

முத்துக்கருப்பன் தலையைச் சொறிந்துகொண்டு முன்னால் வந்தான். “அன்னைக்குத் தண்ணியில மினுக்குறதை நானும் பாத்தேண்ணே. ஒரு கம்பெனி ஷெட்டுல முன்னால இப்படிப் பொங்கியிருக்கு. சொல்லலாம்னுதான் வந்தேன். நீங்க புக்கைத் தொறந்துட்டீக. சரி, அதுலயே போட்டுருக்கும், நமக்கெதுக்குன்னு விட்டுட்டேன்.”

அவர் அவனைப் பார்த்தார். திட்டவேண்டும் போலிருந்தது.

கருப்பம்மாள் மருமகளின் கையைப் பிடித்து இறக்கி, வேனுக்குக் கூட்டிப்போனாள். “எங்க வீடு ஓட்டு வீடுதான். புள்ள அங்கனயே பொறக்கட்டும்” என்றாள். இசைவாணி அழுதுகொண்டே போனாள். சோலையம்மாள் மட்டும் அசையவில்லை. தட்டில் சூடம் எரிந்து முடிந்து, கரி படிந்திருந்தது.

“எப்பத் தெரியும் ஒங்களுக்கு?”

“பாய் கடைக்குப் போனப்பவே.”

“பால் காய்ச்சுறதுக்கு முந்தியே.”

“ஆமா. சொல்லணும்னுதான் இருந்தேன். புள்ள வர்றதுக்குள்ள எப்படியாவது…”

“புள்ள இன்னைக்குத்தான் வருது” என்றாள் சோலையம்மாள். “பன்னெண்டு நாளா அந்த ரூமுல நான்ல படுத்துக் கெடந்தேன்? புது ரூமு, புது பேன்னு ஒத்தையில படுத்துக் கெடந்தேன். வெக்கையா இருக்குன்னு நீங்க மட்டும் கட்டிலத் தூக்கிட்டுப் போயி வேப்பமரத்தடியில போட்டீக. நெசமாவே வெக்கைதான் போலன்னு நெனச்சேன்.”

வெள்ளைத்துரை மகளை நினைத்தார், வயிற்றிலிருக்கும் பிள்ளையை நினைத்தார், கடையை, தெருவை, சம்மந்தி வீட்டை எல்லாவற்றையும் நினைத்து நினைத்து மாய்ந்தது உண்மை. அந்தப் பன்னிரண்டு இராத்திரியில் இவளை ஒரு தடவைகூட நினைக்கவில்லை. கட்டிலை ஏன் தூக்கினோம் என்றுகூட யோசிக்கவில்லை.

சோலையம்மாள் தட்டைப் படியில் வைத்தாள். அவர் கையை விலக்கிக்கொண்டு உள்ளே போய், பாயையும் தலையணையையும் சுருட்டி எடுத்து வந்தாள். நேராக வேனுக்குப் போய் மகள் பக்கத்தில் ஏறி உட்கார்ந்தாள்.

“எடுங்கப்பா வண்டிய” என்றாள்.